கறுப்புப் பூச்சு

தீபாவளிக்கு முன் பத்து நாட்கள் எந்தக் கடைத்தெருவில் நடந்தாலும் பொம்மைத் துப்பாக்கிகளைப் பார்க்கலாம். வெள்ளியைப் போலப் பளபளவென்று மின்னும். உள்ளே சுருள் கேப்பை வைத்து விசையை இழுத்தால் 'டப், டப்' என்று வெடிக்கும். நாலு வயதுப் பேரன் அதைத் தாத்தாவின் மார்புக்கு நேரே நீட்டினால் தாத்தா சிரிக்கிறார், "ஐயோ, செத்தேன்!" என்று சாய்ந்தும் காட்டுகிறார். அதே துப்பாக்கிக்குக் கறுப்பு வர்ணம் பூசி, இரவு பத்து மணிக்கு ஆள் நடமாட்டம் இல்லாத சந்தில் யாரோ ஒருவன் அதே தாத்தாவின் முன் நீட்டட்டும். அப்போது அவர் சாய்வது விளையாட்டாக இராது.

உருவமும் எடையும் அப்படியேதான் இருக்கின்றன. மாறியிருப்பது நிறம் ஒன்றே. இந்த நிற மாற்றத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு என்றால் சிலர் புருவத்தை உயர்த்துவார்கள். உண்டு. அதில் ராஜாங்கங்களே சம்பந்தப்பட்டிருக்கின்றன.

மெய்யான துப்பாக்கிகளும் ஒரு காலத்தில் பளபளத்தவைதாம். பதினெட்டாம் நூற்றாண்டுச் சிப்பாய் தன் துப்பாக்கிக் குழாயைச் செங்கல் தூள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கி வைத்திருப்பான். அணிவகுப்பில் அது மின்னாவிட்டால் தண்டனை. சென்னைக் கோட்டை மியூசியத்துக்குப் போனால் அந்தக் காலத்து ஆயுதங்கள் சிலவற்றை இப்போதும் காணலாம். ஆனால் மின்னும் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கிறது. அதைவிடப் பெரிய சங்கடம், வெயிலில் ஒரு மைல் தூரத்துக்கு அப்பாலிருந்தே 'இதோ வருகிறோம்' என்று எதிரிக்குச் சொல்லிவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குழாய்களுக்குப் பழுப்பேற்ற ஆரம்பித்தார்கள். துருவையே அளவோடு வரவழைத்து, தேய்த்து, மறுபடியும் வரவழைத்து, அந்தத் துருவே இரும்புக்குக் கவசமாகும்படி செய்வது அந்த வித்தை. முள்ளை முள்ளால் எடுப்பது போல என்று வைத்துக் கொள்ளுங்கள். பிறகு உப்புக் கரைசல்களைக் கொதிக்க வைத்து அதில் முக்கி நீலங்கலந்த கருமையைக் கொடுக்கும் முறையும் வந்தது. துப்பாக்கி என்றாலே நம் மனக்கண்ணில் வரும் அந்தக் கரிய நிறம் இப்படித்தான் பிறந்தது.

1870-களில் அமெரிக்கக் கம்பெனிகள் ரிவால்வர்களுக்கு நிக்கல் முலாம் பூசி விற்றன. 1920-களில் குரோமிய முலாம் வியாபாரத்துக்கு வந்தது. மோட்டார் கார்களின் பம்பர்களில் ஏறிய அந்தப் பளபளப்பு, பொம்மைகளிலும் ஏறிக் கொண்டது. யுத்தகளத்தில் அதற்கு இடமில்லை. ஜெனரல் பாட்டனைப் போன்ற தளபதிகளைத் தவிர. அவர் இடுப்பில் தந்தப் பிடி போட்ட வெள்ளி முலாம் ரிவால்வர் தொங்கும். தளபதி மின்னலாம், சிப்பாய் மின்னக் கூடாது. மற்றபடி மின்னும் துப்பாக்கிகள் சினிமாவுக்குப் போய்விட்டன. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களில் ஜெய்சங்கர் சுட்ட காலத்தை நினைவுள்ளவர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

ஆக, ஜனங்களின் மனத்தில் ஒரு கணக்கு பதிந்துவிட்டது. மின்னினால் பொம்மை, கறுத்திருந்தால் நிஜம். யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த கணக்கல்ல. ஆனால் ஏமாற்ற நினைப்பவனுக்கு இதைவிட நல்ல மூலதனம் வேறென்ன வேண்டும்?

1780-ஆம் வருஷம் டிசம்பர் மாதம். அமெரிக்கச் சுதந்திரப் போர் நடக்கிறது. தென் கரோலினாவில் ரூஜ்லி என்பவருடைய மில்லில், பிரிட்டிஷ் பக்கம் சேர்ந்த நூறு பேருக்கு மேல் ஒரு களஞ்சியத்தை அரணாக்கிக் கொண்டு உள்ளே இருந்தார்கள். வெளியே வில்லியம் வாஷிங்டன் என்ற குதிரைப்படைத் தலைவர். பீரங்கி இல்லாமல் அந்த மரக்கோட்டையை அசைக்க முடியாது. அவரிடம் பீரங்கி இல்லை. ஒரு பைன் மரத்தை வெட்டி, செதுக்கி, சக்கரத்தில் ஏற்றி, களஞ்சியத்துக்கு நேரே நிறுத்தி, 'சரணடைகிறீர்களா, சுடட்டுமா?' என்று கேட்டனுப்பினார். உள்ளே இருந்தவர்கள் ஒரு குண்டுகூடச் செலவழிக்காமல் வெளியே வந்துவிட்டார்கள். பிற்பாடு 1862-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரிலும் இதே கதை. வர்ஜீனியாவில் சென்டர்வில் என்ற ஊரில் தென்னவர்கள் மரக்கட்டைகளுக்குக் கறுப்பு வர்ணம் அடித்துப் பீரங்கிகளாக வரிசை வைத்துவிட்டுச் சந்தடியில்லாமல் பின்வாங்கினார்கள். வடவர் படை வந்து பார்த்தபோது கட்டைகள் மட்டும் இருந்தன. பத்திரிகைகள் வடவர்களின் தளபதியைக் கேலி செய்து தீர்த்துவிட்டன. சண்டையே பாவம் என்று கொள்கை வைத்திருக்கும் குவேக்கர் கிறிஸ்தவர்களின் பெயரால், சுடாத இந்தப் பீரங்கிகளுக்குக் 'குவேக்கர் பீரங்கி' என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தவனுக்கு நகைச்சுவை உணர்ச்சி இருந்திருக்கிறது.

பீரங்கிக்குப் பலித்தது கைத்துப்பாக்கிக்குப் பலிக்காதா? 1934 மார்ச் 3-ஆம் தேதி, ஜான் டிலிஞ்சர் என்ற பிரசித்தி பெற்ற பாங்கிக் கொள்ளைக்காரன் இண்டியானா மாகாணத்தில் கிரவுன் பாயின்ட் சிறையிலிருந்து தப்பினான். யாராலும் தப்ப முடியாது என்று பீற்றிக் கொண்ட சிறை அது. மரத்துண்டைத் துப்பாக்கியாகச் செதுக்கி, பூட்ஸ் பாலிஷ் போட்டுக் கறுப்பாக்கி, அதைக் காவலர்களிடம் நீட்டினான் என்பது கதை. மெய்த் துப்பாக்கியே உள்ளே கடத்தப்பட்டது என்று சாதிப்பவர்களும் உண்டு. ஆனால் டிலிஞ்சர் மரத் துப்பாக்கியோடு படம் பிடித்துக் கொண்டான். ஒரு டப்பி பாலிஷில் சிறைக் கதவு திறந்தது என்பதை உலகம் நம்பவே விரும்பியது.

இந்த ஆராய்ச்சியெல்லாம் எனக்கு எதற்கு வந்தது என்று கேட்கலாம். நான் குடியிருப்பது முத்தாபுதுப்பேட்டை. பக்கத்தில் வான்படை நிலையம். சற்றுத் தள்ளினால் ஆவடி. அங்கே டாங்கித் தொழிற்சாலை. இந்த வட்டாரத்தில் துப்பாக்கி என்பது காவல் வாயிலில் நிற்கும் ஒருவர் கையில் தினந்தோறும் காணும் பொருள். ஆவடி என்ற பெயரே இங்கிலீஷில் 'ஆர்மர்டு வெஹிகிள்ஸ் அண்ட் டெப்போ ஆஃப் இந்தியா' என்பதன் முதல் எழுத்துக்கள் என்று பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுக்காரர் உங்களுக்கும் சொல்லியிருப்பார். ஊர்ப் பெயர் டெப்போக்களுக்கெல்லாம் முந்தியது. பழைய பெயருக்குப் பின்னால் வந்தவர்கள் அடித்த பட்டாளத்துப் பூச்சு அது, போகட்டும்.

எங்கள் தெருவில் காலேஜில் படிக்கும் பையன் ஒருவன். சுதந்திர தினத்துக்குக் குடியிருப்போர் சங்கத்தில் நாடகம், அவன் இன்ஸ்பெக்டர். பர்மா பஜாரில் ஒரு கைத்துப்பாக்கி வாங்கி வந்திருந்தான். சின்னச் சின்னப் பிளாஸ்டிக் குண்டுகளைக் காற்றால் தள்ளும் ரகம். 'ஏர்சாஃப்ட்' என்று சொல்கிறார்கள். உருவத்தில் அசல் பிஸ்டல். மேலே பூராவும் குரோமியப் பளபளப்பு.

"மேடையில லைட் பட்டா கல்யாண வீட்டு எவர்சில்வர் மாதிரி இருக்கு மாமா. கறுப்பு அடிச்சுட்டா அசல்தான்" என்றான்.

தொழிற்சாலையில் பெயின்ட் பிரிவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அடுத்த தெருவில் இருக்கிறார். அவரிடம் அழைத்துப் போனேன். பொருளை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"குரோமுக்கு மேலே பெயின்ட் உட்காராது தம்பி. கண்ணாடியிலே தண்ணி நிக்குமா? இன்னைக்கு அடிச்சா நாளைக்கு நகத்தாலே சுரண்டினா தோலா உரிஞ்சு வந்துடும். முதல்லே அந்த மினுமினுப்பைச் சாகடிக்கணும்."

சாகடிக்கும் காரியத்தைப் பொறுமையாகச் செய்தார். துப்பாக்கியைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, கைப்பிசுக்கு முழுவதையும் எடுத்தார். நானூறாம் நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, மூலை முடுக்கெல்லாம் வட்டம் வட்டமாகத் தேய்த்தார். வெள்ளி மங்கி, சாம்பல் பூத்த மாதிரி ஆயிற்று. தின்னர் போட்டுத் துடைக்கலாமா என்று பையன் கேட்டதற்கு, "பிளாஸ்டிக்கைத் தின்னர் தின்னுடும்" என்று ஸ்பிரிட்டில் துடைத்தார். மெல்லிசாக ஒரு பிரைமர். ஒரு ராத்திரி காயவிட்டார். மறுநாள் ஒரு முழ தூரத்திலிருந்து மினுக்கமில்லாத கறுப்பை மூன்று தடவையாக, ஒவ்வொரு தடவையும் பனி படிகிற அளவுக்குத்தான் பீச்சினார். ஒரே தடவையாகக் கொட்டினால் வழிந்து கண்ணீர்க் கோடு விழுந்துவிடுமாம். ஒன்றோடொன்று உரசும் தடங்களில் காகிதம் ஒட்டிப் பாதுகாத்தார். அங்கே பெயின்ட் ஏறினால் துப்பாக்கி சிக்கிக் கொள்ளும். கடைசியில் பென்சில் கரியைத் தூளாக்கி விளிம்புகளில் விரலால் தடவினார். உறையில் போட்டுப் போட்டு எடுத்துத் தேய்ந்த இரும்பைப் போல அந்த விளிம்புகள் மெல்ல மினுங்கின.

நான் கையில் வாங்கினேன். எல்லாம் கண் முன்னே நடந்ததுதான். இருந்தாலும் பையன் பக்கம் நீட்டாமல், என்னையறியாமல் குழாயைத் தரைக்குத் திருப்பிப் பிடித்தேன்.

பெரியவர் அதைக் கவனித்தார். திரும்ப வாங்கி, குழாயின் நுனியில் ஓர் அங்குல அகலத்துக்கு ஆரஞ்சு வர்ணம் தீட்டினார். பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "டம்மின்னா டம்மின்னு தெரியணும். எங்க வேலையிலே பழக்கத்துக்கு வைக்கிற குண்டுக்கெல்லாம் தனி அடையாளம் உண்டு. நீ நாடகம் முடிஞ்சு இதை இடுப்பிலே சொருகிக்கிட்டு கேட்டு வழியா வருவே. அங்கே நிக்கிறவன் கையிலே இருக்கறது பர்மா பஜார்லே வாங்கினதில்லே" என்றார். நாடகத்தில் ஆரஞ்சு நுனி மூன்றாவது வரிசைக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. பையனுக்குக் கைதட்டலும் கிடைத்தது.

அந்த ஆரஞ்சு வளையத்துக்குப் பின்னால் இருக்கும் சரித்திரம் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஜப்பானில் சாதாரண மனிதன் கைத்துப்பாக்கி வைத்துக் கொள்ள முடியாது. ஆகவே 1960-களில் அசலைப் போலவே உலோகத்தில் வார்த்த மாதிரித் துப்பாக்கிகளுக்கு அங்கே பித்துப் பிடித்தது. 1970 மார்ச் 31-ஆம் தேதி, டோக்கியோவிலிருந்து புறப்பட்ட விமானம் ஒன்றைச் செம்படை மாணவர்கள் ஒன்பது பேர் கடத்தி, கடைசியில் வட கொரியாவுக்குக் கொண்டு போனார்கள். அவர்களிடம் வாள்கள் இருந்தன. துப்பாக்கியும் வெடிகுண்டும் போலி என்று பின்னால் தெரிந்தது. அடுத்த ஆண்டு, 1971-இல், ஜப்பானியச் சட்டம் ஒரு விசித்திரமான கட்டளை இட்டது. உலோகத்தால் செய்த மாதிரிக் கைத்துப்பாக்கிகள் வெள்ளையாகவோ மஞ்சளாகவோதான் இருக்க வேண்டும். குழாயும் அடைபட்டிருக்க வேண்டும். செய்கிறவர்கள் மஞ்சளுக்குத் தங்க முலாம் என்று பொருள் செய்து கொண்டார்கள்! பிற்பாடு பிளாஸ்டிக்கில் காற்றுத் துப்பாக்கி செய்யும் யோசனையும் அந்த நாட்டில்தான் வளர்ந்தது. எங்கள் தெருப் பையன் வாங்கியது அந்த வம்சத்தில் வந்ததுதான்.

ஜப்பான் இப்படி நிறத்துக்குச் சட்டம் போட்ட அதே 1971-இல், நம் நாட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 30-ஆம் தேதி. ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்கு இந்தியன் ஏர்லைன்ஸின் ஃபாக்கர் பிரண்ட்ஷிப் விமானம் புறப்பட்டது. விமானத்தின் பெயர் 'கங்கா'. ஏறக்குறைய முப்பது பேர் இருந்தார்கள். ஜம்மு நெருங்கும் சமயத்தில் ஹாஷிம் குரேஷி, அஷ்ரஃப் குரேஷி என்ற இரண்டு இளைஞர்கள் எழுந்தார்கள். ஒருவன் கையில் பிஸ்டல், இன்னொருவன் கையில் கைக்குண்டு. விமானம் லாகூருக்குத் திரும்பியது.

அந்தப் பிஸ்டல் ஒரு பொம்மை. கைக்குண்டு மரத்தில் செய்து இரும்பு வர்ணம் பூசியது. மெய்யான ஆயுதங்கள் எல்லையிலேயே பறிபோய்விட்டதால், திருடர்களைப் பயமுறுத்துவதற்கென்று பத்திரிகையில் விளம்பரம் செய்திருந்த போலிப் பிஸ்டலைத் தருவித்ததாகப் பல வருஷங்கள் கழித்து ஹாஷிமே சொன்னார். திருடர்களை விரட்டுவதற்கான சாமான், ஓர் ஆகாய விமானத்தையே திருட உதவியது. நான் நாவலில் இப்படி எழுதினால் ஆசிரியர் நம்பும்படி இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

விமானியை நான் குறை சொல்ல மாட்டேன். முப்பது உயிர்களை வைத்துக் கொண்டு, ஆகாயத்தில், இது மரமா இரும்பா என்று தட்டிப் பார்க்க யாருக்குத் துணிவு வரும்?

லாகூரில் கடத்தியவர்களுக்கு ராஜ வரவேற்பு. ஸுல்பிகர் அலி புட்டோவே விமான நிலையத்துக்குப் போய் அவர்களைச் சந்தித்தார். பிரயாணிகளைத் தரை வழியாக இந்தியாவுக்கு அனுப்பினார்கள். பிறகு விமானத்துக்கு நெருப்பு வைக்கப்பட்டது. அந்தக் காட்சியை ஜனங்கள் கூட்டமாக நின்று பார்த்தார்கள்.

பிப்ரவரி 4-ஆம் தேதி இந்திய சர்க்கார், தன் ஆகாயத்தின் வழியாகப் பாகிஸ்தான் விமானங்கள் எதுவும் பறக்கக் கூடாது என்று தடை விதித்தது. அந்தத் தடைக்கு என்ன அர்த்தம் என்று அப்போதைய தேசப் படத்தை வைத்துப் பார்த்தால் விளங்கும். பாகிஸ்தானின் ஒரு பாதி மேற்கே, மறு பாதி கிழக்கே, நடுவில் இந்தியா. கராச்சியிலிருந்து டாக்காவுக்கு நேரே பறந்து கொண்டிருந்தவர்கள், இப்போது அரபிக் கடலில் இறங்கி, கன்னியாகுமரிக்குத் தெற்கே வளைந்து, கொழும்பில் பெட்ரோல் போட்டுக் கொண்டு, வங்கக் கடலில் ஏறிப் போக வேண்டும். தூரம் இரண்டு மடங்குக்கும் மேல். மார்ச் 25-ஆம் தேதி இரவு டாக்காவில் ராணுவ அட்டூழியம் தொடங்கியது. அதற்கு முந்திய வாரங்களில் மேற்கிலிருந்து போன துருப்புக்கள் இந்தச் சுற்று வழியில்தான் போயின. டிசம்பரில் யுத்தம் வந்தது, 16-ஆம் தேதி டாக்கா வீழ்ந்தது, பங்களாதேஷ் உதயமாயிற்று.

மரக் குண்டுதான் பங்களாதேஷைப் பெற்றது என்று நான் எழுதினால் சரித்திரப் பேராசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். அந்த நாடு பிறக்கக் காரணங்கள் ஆயிரம். முதற்காரணம் அந்த ஜனங்களே. ஆனால் மேற்குக்கும் கிழக்குக்கும் இடையே ஆகாயம் அடைபட்டதற்கு உடனடிக் காரணம் வர்ணம் பூசிய ஒரு மரத்துண்டும் ஒரு பொம்மையும்தான். இதனால் பாகிஸ்தானுக்கு நேர்ந்த நஷ்டத்தைப் பார்த்துவிட்டு, 'இது இந்திய உளவாளிகள் ஆடிய நாடகம்' என்று அங்கே ஒரு விசாரணைக் கமிஷன் சொல்லிற்று. நேற்று மாலை போட்ட ஹாஷிமையே பிடித்துச் சிறையில் தள்ளினார்கள். பல வருஷங்கள் உள்ளே இருந்தார். நாடகமா, நிஜமா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. 1972-இல் தமிழில் ஒரு துப்பாக்கிப் படம் வந்தது. கௌபாய்த் தொப்பியும் குதிரையுமாக. அதன் பெயரும் 'கங்கா'. பெயர்ப் பொருத்தம் வெறும் தற்செயல்தான்.

1978 டிசம்பர் 20-ஆம் தேதி மறுபடியும் ஒரு விமானம். இந்த முறை லக்னௌவிலிருந்து டில்லிக்குப் போக வேண்டியது. போலாநாத் பாண்டே, தேவேந்திரநாத் பாண்டே என்ற இருவர் அதை வாரணாசிக்குத் திருப்பினார்கள். சிறையிலிருந்த இந்திரா காந்தியை விடுவிக்க வேண்டும் என்பது கோரிக்கை. மறுநாள் சரணடைந்தபோது, கையிலிருந்தவை பொம்மைத் துப்பாக்கிகளும், குண்டு போலத் தோன்றிய ஒரு கிரிக்கெட் பந்தும் என்று தெரிந்தது. 1980-இல் இருவரும் உத்தரப் பிரதேசச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்.

இதுவரை சொன்னவற்றில் பொம்மையை நீட்டியவர்கள் எல்லாம் தெரிந்தே நீட்டினார்கள். ஏமாந்தவர்கள் எதிரில் இருந்தவர்கள். தெரியாமல் நீட்டும் குழந்தைகளும் உண்டே! அமெரிக்காவில் அந்தக் கவலை வந்துதான் 1988-இல் ஒரு சட்டம் செய்து, பொம்மைத் துப்பாக்கி எதுவானாலும் குழாய் நுனியில் பளிச்சென்ற ஆரஞ்சு அடைப்பு இருக்க வேண்டும் என்றார்கள். எங்கள் பெரியவர் தீட்டிய அதே நிறம்.

2014 நவம்பர் 22-ஆம் தேதி கிளீவ்லண்ட் நகரில், ஒரு பூங்காவில், 12 வயதுச் சிறுவன் ஏர்சாஃப்ட் பிஸ்டல் ஒன்றை வைத்து விளையாடிக் கொண்டிருந்தான். யாரோ போலீஸுக்குப் போன் செய்தார். அநேகமாகப் பொம்மையாகத்தான் இருக்கும், பையனும் சிறுவன்தான் என்றும் சொன்னார். அந்த இரண்டு வார்த்தைகளும் காரில் வந்த போலீஸ்காரர்களுக்குப் போய்ச் சேரவில்லை. கார் வந்து நின்ற இரண்டு வினாடிக்குள் சுட்டுவிட்டார்கள். மறுநாள் பையன் இறந்தான். துப்பாக்கி கறுப்பு நிறம். அதன் நுனியில் இருக்க வேண்டிய ஆரஞ்சு அடைப்பு அதற்கு முன்பே கழன்று போயிருந்தது.